பான்: பட்டிமதில்

அயர்லாந்துக் கோட்டைகளைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் ‘பான்’ என்ற சொல், கோபுர வீட்டை, அதாவது கோபுர வடிவில் பல மாடிகளாக எழுப்பிய அரண் வீட்டைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலையும் அம்மதிலுக்குள் அடங்கிய முற்றத்தையும் ஒருசேரக் குறிக்கும். இது ஐரிஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். பசுவைக் குறிக்கும் ‘போ’, அரணைக் குறிக்கும் ‘தூன்’ என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்பதே இதற்குப் பெரிதும் கூறப்படும் விளக்கம். இந்தப் ‘போ’வும் சமஸ்கிருதக் ‘கோ’வும் ஒரே வேரின் கிளைகள், நம் ‘ஆ’ அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

கோட்டையின் பெயரில் பசு ஏன் வரவேண்டும்? ஐரிஷ் குலத்தலைவர்கள் ஆண்ட பழைய கேலிக் அயர்லாந்தில் செல்வம் மாட்டைக் கொண்டே அளக்கப்பட்டது. ஆநிரை கவர்தல் அங்கே போரின் ஒரு முறையாகவே நிலவியது. ஆகவே இரவில் மந்தையை உள்ளே ஓட்டி அடைக்க மதில் தேவைப்பட்டது. கால்வே கவுண்டியில் ஓஃப்ளாஹர்ட்டி குலத்தார் 1500ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய ஆக்னனூர் கோட்டைக்கு ஆறு மாடிக் கோபுரத்துடன் இரண்டு பான்கள் இருந்தன.

அடுத்த நூற்றாண்டில் சொல் கைமாறியது. 1610 அளவில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஆங்கில, ஸ்காட்லாந்துக் குடியேறிகளுக்கு நிலம் வழங்கிய அரசு, 2000 ஏக்கர் பெற்றவர் கோட்டையும் பானும், 1500 ஏக்கர் பெற்றவர் கல் அல்லது செங்கல் வீடும் பானும், 1000 ஏக்கர் பெற்றவர் பானாவது கட்டவேண்டும் என்று விதித்தது. மாடு காக்க அந்நாட்டார் வைத்த பெயரே அவர்களிடமிருந்து நிலத்தைக் காக்கும் மதிலுக்கும் பெயராயிற்று. பின்னர் அயர்லாந்தின் சிற்றூர் வழக்கில் அது பால் கறக்கும் முற்றமாகவும், கடல் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீன் உலர்த்தும் கற்பரப்பாகவும் பொருள் மாறியது.

தமிழில் ‘பான்’ என்றே எழுதினால் வெற்றிலைதான் நினைவுக்கு வரும். ‘தொழுவம்’ கூரையுள்ள கொட்டிலை நினைவூட்டுகிறது. ‘கிடை’ இடம் மாறுவது. ‘கோட்டை முற்றம்’ மாட்டை முற்றிலும் மறந்துவிடுகிறது. மாடு அடைக்கும் ‘பட்டி’யோடு மதிலைச் சேர்த்துப் ‘பட்டிமதில்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வெட்சியும் கரந்தையும் பாடிய மொழிக்கு இச்சேர்க்கை அந்நியமாகத் தோன்றாது. ஆக்னனூரை இச்சொல்லால் இப்படி எழுதலாம்: உட்பட்டிமதிலின் பெரும்பகுதி அழிந்துவிட, அதன் மூலையில் இருந்த வட்டக் காவற்கோபுரம் மட்டும் தனித்து நிற்கிறது.