காசிபிபோமா: தமிழில் என்ன சொல்லலாம்?

அறுவை சிகிச்சையின்போது ரத்தத்தை ஒற்றி எடுக்க வைத்த பஞ்சோ காஸ் துணியோ உள்ளேயே தங்கிப்போனால், அதைச் சுற்றி உருவாகும் கட்டிக்கு மருத்துவ ஏடுகளில் காசிபிபோமா என்று பெயர்.

முன்பாதி லத்தீன். ‘காசிபியம்’ என்றால் பருத்தி. தாவரவியலில் பருத்திச் செடியின் பேரினப் பெயரும் அதுவே. பின்பாதி, யாரும் எதிர்பார்க்காத சுவாஹிலி: ‘போமா’. ஒளிந்துகொள்ளும் இடம் என்று மருத்துவக் கட்டுரைகள் இதற்குப் பொருள் சொல்கின்றன. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் போமா என்றால் வேலியடைத்த இடம். மாட்டுப்பட்டியும் போமாதான், கோட்டையும் போமாதான். என்னைக் கேட்டால் வேலி என்ற பொருள்தான் இங்கே கச்சிதம். பருத்தி என்பது செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதி நம் உடலில் கிடையாது. கரைக்க முடியாததைச் சுற்றி உடல் நார்த்திசுவால் வேலி போட்டுவிடுகிறது. இப்படி அடைபட்டது வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். ஸ்கேனில் தெரியும்போது புற்றுநோயோ என்று பயமுறுத்தும். கிருமி சேர்ந்துவிட்டாலோ காய்ச்சல், சீழ், சில சமயம் குடலையே துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

டெக்ஸ்டைலோமா என்றும் சொல்வார்கள். நெய்த துணிக்கான லத்தீன் சொல்லோடு, கட்டியைக் குறிக்கும் கிரேக்க ‘ஓமா’ விகுதி சேர்ந்தது அது.

சரி, தமிழில்? ‘துணிப்புற்று’ போன்ற ஆக்கங்கள் வேண்டாம். புற்று என்றதுமே நோயாளி கலங்கிப்போவார், இது புற்றும் அல்ல. ‘பஞ்சுக்கட்டி’ போதும். சீழ்க்கட்டியையும் கெட்டியான கட்டியையும் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இந்த நோயும் அந்த இரண்டு வடிவிலும்தான் வரும். கத்தரி, ஊசி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘உள்தங்கிய அறுவைப்பொருள்’ எனலாம்.

‘மறந்து வைத்துத் தைத்துவிட்டார்கள்’ என்பது செய்தித்தாள் வழக்கு. மறதி என்ற சொல் விஷயத்தை எளிதாக்கிவிடுகிறது. தியேட்டரில் தைத்து மூடுவதற்கு முன் மாப் (ரத்தம் ஒற்றும் துணி), காஸ், ஊசி எல்லாவற்றையும் செவிலியர் எண்ணுவார். 2003இல் அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே குழுவினர் இப்படிப்பட்ட 54 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். தங்கியவற்றில் 69 சதவீதம் பஞ்சு, துணி வகை. எண்ணிப் பார்த்த அறுவைகளில் 88 சதவீதத்தில் ‘கவுண்ட் சரி’ என்றே முடித்திருந்தார்கள்! அவசர அறுவையிலும், நடுவில் திட்டம் மாறும் அறுவையிலும் ஆபத்து பல மடங்கு. ரத்தத்தில் ஊறிய காஸ் சுருண்டு, குடல் மடிப்புக்கு நடுவே கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. அதற்காகத்தான் அறுவைக்கான காஸில் பேரியம் சல்பேட் கலந்த இழை ஒன்று ஓடுகிறது. எண்ணிக்கை இடித்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். வெள்ளைக் கோடாக அந்த இழை காட்டிக்கொடுக்கும்.

சட்டத்தில் இதற்குப் பொருந்தும் கோட்பாடு ‘நிகழ்வே பேசும்’ என்பது. வயிற்றுக்குள் துணி இருந்தது என்பதே கவனக்குறைவுக்குச் சான்று. 1963இல் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி தங்கிவிட்டது. அவர் அதே மாதம் இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் மாநில அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது 1996இல்.