கடைசிச் சட்டை யாருக்கு? டெமோ கடை ஒன்றின் உள்வேலை

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடைவைக் கடை. நீல நிறத்தில், மீடியம் சைஸில் ஒரே ஒரு சட்டை மிச்சம். ஒருவர் அதைக் கையில் எடுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் வேறு நிறம் பார்க்கப் போய்விடுவார். இதற்கென்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. ஒரு சட்டை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் இருக்க முடியாது, அவ்வளவுதான். அதே கடையை ஒன்லைனுக்குக் கொண்டுபோனால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. நிலாவெளியில் ஒருவரும் மூதூரில் ஒருவரும் ஒரே நொடியில் 'வாங்கு' என்று அழுத்தலாம். இருவருக்கும் அதே சட்டையை விற்றுவிடும் கடையைக் கட்டுவது மிகச் சுலபம்.

உண்மையான காசும் வாடிக்கையாளரும் வருமுன்னே இப்படியான தப்புகளை வெளிக்கொண்டு வரத்தான் டெமோ கடை. ஆனால் டெமோ என்றதும் நிறம், எழுத்துரு, முகப்புப் படம் என்று நாள் கணக்கில் அழகு பார்ப்பவர்களே அதிகம். அதைப் பிறகும் செய்யலாம். கடை எங்கே உடையும் என்று முதலில் தேட வேண்டும்.

கட்டுவதற்குப் பெரிய செலவு கிடையாது. இணையத்தளம் கட்டும் மென்பொருளான, 2003 இல் வந்த வேர்ட்பிரஸ் இலவசம். அதன்மேல் கடை நடத்த உதவும், 2011 இல் வந்த வூகொமர்ஸும் இலவசம். இரண்டையும் இறக்கி மடிக்கணினியிலேயே நிறுவலாம். 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி. பிரவுசரில் அதைத் திறந்தால் கடை வரும். வெளியுலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

வூகொமர்ஸோடு மாதிரிப் பொருட்களின் கோப்பு ஒன்றும் வருகிறது. தொப்பி வைத்த குளிர்ச்சட்டை, டீசேர்ட் என்று வெளிநாட்டுச் சரக்கு. அதை ஏற்றிப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். நம் ஊர்க் கடையில் இருப்பதைப் போடும்போதுதான் உண்மையான சிக்கல் தெரியும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுங்கள். வாங்குபவருக்கு அது ஒரு பொருள். தரவுத்தளத்துக்கோ 6 சைஸ், கை நீளத்தில் 2 வகை என்றால் 12 பொருட்கள். 12 க்கும் தனித்தனி இருப்பு எண் வேண்டும். கைத்தறிச் சாறிக்கு நிலைமை நேர்மாறு. சைஸ் இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதிதான். அதாவது சாறிப் பகுதி முழுக்கவே 'கடைசி ஒன்று' என்ற நிலையில்தான் எப்போதும் இருக்கும்.

அடுத்தது கூடை. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கம் கேட்டீர்கள், கொடுத்தது, முடிந்தது. அடுத்த பக்கம் கேட்பவர் அதே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. இணையக் கடைக்கு ஒரு கூடை தேவைப்பட்ட காரணத்தால்தான் 1994 இல் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்டுலி குக்கி என்ற ஏற்பாட்டைச் செய்தார். முதல்முறை வரும்போது, கடையை நடத்தும் கணினியான சேர்வர் ஒரு நீளமான அடையாள எண்ணைக் கொடுக்கிறது. பிரவுசர் அதை வைத்திருந்து, பிறகு கேட்கும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. சட்டை, சாறிப் பட்டியல் சேர்வர் பக்கத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது அந்த எண் மட்டும். டெமோவில் இதைச் சோதிக்க இரண்டு கணினி வேண்டாம். ஒரே மடிக்கணினியில் இரண்டு வேறு பிரவுசர்களைத் திறந்தால் இரண்டு வாடிக்கையாளர் தயார்.

சரி, இப்போது அந்தக் கடைசிச் சட்டைக்கு வருவோம். புதிதாக நிரல் எழுதுபவர் பொதுவாக இப்படி எழுதுவார்: இருப்பைப் படி, 1 இருக்கிறதா என்று பார், ஓடரைப் பதி, இருப்பை 0 என்று எழுது. தனியாகச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு பேர் ஒன்றாக வந்தால் முதலாமவருக்கு 1 என்று படித்துச் சொல்லி, அவருடைய ஓடர் பதிவாகும் முன்பே இரண்டாமவருக்கும் 1 என்று சொல்லிவிடும். இரண்டு ஓடர்களும் பதிவாகும். இருப்பு 0 என்று இரண்டு முறை எழுதப்படும். கணக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பொதி கட்டும்போதுதான் சட்டை ஒன்று குறைகிறது என்று தெரியவரும்.

தீர்வு, படிப்பதையும் குறைப்பதையும் ஒரே கட்டளையாக்குவது: 'இருப்பு 0 ஐ விடக் கூடுதலாக இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை.' ஒருவருக்காக அந்தச் சட்டையின் இருப்பு எழுதிய வரியை மாற்றும்போது தரவுத்தளம் அதைப் பூட்டிவிடுகிறது. மற்றவர் அந்தக் கணப்பொழுது காத்திருப்பார். பூட்டுத் திறந்தபின் நிபந்தனை பொய்யாகிவிடும், 'எந்த வரியும் மாறவில்லை' என்று பதில் வரும். அப்போதே அவருக்குச் 'சட்டை முடிந்துவிட்டது' என்று சொல்லிவிடலாம். ஓடர் பதிவதையும் இருப்புக் குறைப்பதையும் தரவுத்தளத்தின் ஒரே பரிவர்த்தனைக்குள் (பிரிக்க முடியாத ஒரு கட்டுக்குள்) வைத்தால், நடுவில் கரண்ட் போனாலும் இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லது இரண்டும் சேர்ந்து இல்லாமல் போகும். இதைக் கையால் கிளிக் செய்து சோதிக்க முடியாது. இருப்பு 1 என்று வைத்து, ஒரே நேரத்தில் 100 கோரிக்கைகளை அனுப்பும் சிறு நிரல் எழுதி ஓடவிடுங்கள். ஓடர் ஒன்றுதான் வர வேண்டும். இரண்டு வந்தால் கடையைத் திறக்காதீர்கள்.

வாங்க வந்தவர் காசு கட்டாமல் பாதியில் போய்விட்டால்? வூகொமர்ஸ் அப்படியான ஓடருக்காக வழக்கமாக 60 நிமிடம் சட்டையைப் பிடித்து வைக்கும். சாதாரண நாளில் அது சரி. சித்திரை வருடப்பிறப்புக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தின வாரத்தில் ஒரு மணித்தியாலம் அதிகம், குறைப்பதே நல்லது. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் ஓடரில் இருப்பு உடனே குறைந்துவிடும். கிண்ணியா வரை போன பொதி திரும்பி வந்தால் சட்டையை மறுபடி கணக்கில் ஏற்றுகிறதா என்பதையும் டெமோவில் நடத்திப் பார்க்க வேண்டும்.

கார்டில் காசு கட்டுவதைச் சோதிக்க, பணம் நகராத சோதனைத் தளங்களைக் கட்டண நிறுவனங்களே தருகின்றன. இலங்கையின் பேஹியருக்கும் அப்படி ஒன்று உண்டு. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் சோதனை எண் 4242 4242 4242 4242. ஐ.பி.எம்.மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த, எண் சரியா என்று பார்க்கும் கணக்கில் இந்த எண் தேறும். வலமிருந்து இரண்டாவதில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிப்பாக்கி (9 ஐத் தாண்டினால் 9 ஐக் கழித்து), எல்லாவற்றையும் கூட்டினால் விடை 10 ஆல் மிச்சமின்றி வகுபட வேண்டும். இங்கே எட்டு 4 கள் 8 ஆகி 64, எட்டு 2 கள் 16, மொத்தம் 80. ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்தாலும் கணக்கு உடைந்துவிடும்.

பணம் வந்ததா என்ற செய்தியைக் கட்டண நிறுவனம் உங்கள் சேர்வருக்கு நேரடியாக அனுப்பும். வாங்கியவரின் திரையில் வரும் 'நன்றி' பக்கத்தை நம்பக்கூடாது. அதன் முகவரி தெரிந்த எவரும் காசு கட்டாமலே அதைத் திறக்கலாம். நேரடிச் செய்தியோ 127.0.0.1 க்கு வந்து சேராது. அதனால் இந்தக் கட்டத்தில் டெமோவை வெளியே ஒரு தற்காலிக முகவரியில் ஏற்ற வேண்டிவரும்.

ஏற்றும்போது பொருட்களின் இணைப்புகளையும் பாருங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், இணைப்பில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரிகிறது. 'சாறி' என்ற சொல்லே (ச, கால், ற, கொம்பு என்று 4 குறியீடுகள்) 36 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் தருவது 200. நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்படும், ஆகவே இணைப்புக்கு மட்டும் சின்னப் பெயர் கொடுங்கள். அப்புறம் டெமோவுக்குக் கடவுச்சொல் போட்டு, தேடுபொறிகளையும் தடுத்துவிடுங்கள். இல்லாத சட்டைக்கு யாரோ ஒருவர் உப்புவெளியிலிருந்து ஓடர் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாது.