ஐடிலிங் – வெற்றோட்டம்

வண்டி நிற்க, கியர் நியூட்ரலில் இருக்க, ஆக்சிலேட்டரில் கால் படாமலே எஞ்சின் தன் குறைந்த வேகத்தில் தானாக ஓடிக்கொண்டிருப்பதைப் பட்டறைகளில் ஐடிலிங் என்கிறார்கள். கனரக டீசல் வண்டிகளில் அந்த வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று வரை இருக்கும்.

இதன் வேரான ‘ஈடெல்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வெறுமையான, பயனற்ற என்று பொருள். வீண்பெருமையைக் குறிக்கும் ஜெர்மன் ‘ஐட்டெல்’ இதற்கு உறவுச் சொல். வேலையின்றி இருத்தல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது எஞ்சினுக்கும் வந்தது.

தமிழில் சிலர் இதைச் ‘செயலற்ற ஓட்டம்’ என்று எழுதுகிறார்கள். அது பிழை என்பதை லடாக்கின் குளிர்காலம் தெளிவாகக் காட்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சின் ஆயில் கெட்டிப்படுகிறது, பேட்டரியின் திறன் சரிகிறது, டீசலில் கரைந்திருக்கும் மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைக்கிறது. காலையில் டேங்குக்கு அடியில் தீ மூட்டியும் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தும் வண்டியைக் கிளப்பும் ஆபத்தான வழக்கம் மலைச்சாலை ஓட்டுநர்களிடம் இருந்தது. (மைனஸ் 33 டிகிரி வரை பாயும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது.) அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற அச்சத்தில் எஞ்சினை இரவு முழுவதும் ஓடவிடுவதும் உண்டு. அப்படி ஓடும்போது ஆயில் பம்ப் ஆயிலைச் சுற்றவிடுகிறது, ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றுகிறது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து மிஞ்சித் திரும்பும் சூடான டீசல் டேங்கையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக்குகிறது. இத்தனையும் நடக்கும் ஓட்டத்தைச் செயலற்றது என்பது எப்படித் தகும்?

அங்கே இல்லாதது செயல் அன்று, சுமை. எஞ்சினின் ஆற்றல் சக்கரத்துக்குப் போகவில்லை, அவ்வளவே. ஆகவே ‘வெற்றோட்டம்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. வெறுங்கை, வெற்றுடம்பு, வெற்றிடம் ஆகியவற்றில் உள்ள அதே வெறுமை இங்கும் பெயரடையாக வந்து, வெற்று + ஓட்டம் எனப் புணர்கிறது. மூலச் சொல்லின் முதற்பொருளும் அதுவே. சரக்கில்லாமல் திரும்பும் லாரியின் ஓட்டத்தோடு குழம்ப இடமுள்ள இடங்களில் மட்டும் ‘எஞ்சின் வெற்றோட்டம்’ என்று விரித்து எழுதலாம்.

கிளைச்சொல் ஒன்றும் தேவைப்படுகிறது. கடுங்குளிரில் குறைந்த வேகத்திலேயே நெடுநேரம் ஓடும் எஞ்சினுக்குள் போதிய சூடு பிறக்காததால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. புகைக்குழாயில் ஈரக்கரி படிகிறது. அதைத் தவிர்க்க 1000 சுற்றுக்கு மேல் வேகத்தை உயர்த்தி ஓடவிடுவார்கள். அதனை ‘உயர் வெற்றோட்டம்’ எனலாம். ‘உயர் செயலற்ற ஓட்டம்’ என்று எழுதினால் பொருளே நிற்காது.