ஷெல் என்றால் ஓடு

நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, இயங்குதளத்திடம் வேலை வாங்கித் தரும் நிரல்தான் ஷெல். எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரைக்குப் பெயர் முனையம். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெயரிட்டவர் பிரெஞ்சுக்காரரான லூயி பூசான். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஓட்டும் 'ரன்காம்' என்ற நிரலை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதியிருந்தார். 1960களின் நடுவில், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக அந்த எண்ணத்தை விரித்தபோது பிறந்த பெயர் ஷெல். 'பேஷ்' என்ற ஷெல்லின் அமைப்புக் கோப்பான 'பேஷ்ஆர்சி'யின் வாலில் இன்றும் தொங்கும் 'ஆர்சி', பழைய ரன்காமின் மிச்சம். இயங்குதளத்தின் உட்பகுதியைக் கெர்னல், அதாவது பருப்பு, என்பார்கள். பருப்புக்கு வெளியே இருப்பது ஓடு.

உறை, கூடு என்றும் எழுதலாம். ஆனால் என் ஓட்டு ஓட்டுக்குத்தான். அது பெயர்ச்சொல் மட்டுமன்று, ஏவல் வினையும்கூட. தேடு, அழி, நகர்த்து எனத் தமிழில் வினையடியே ஏவலாக நிற்கும். ஷெல் கேட்பதும் அத்தகைய மொட்டை வினையைத்தான். என்ன, நாம் கடைசியில் வைக்கும் வினையை அது முதலில் கேட்கும்.

வரைகலை இடைமுகம், அதாவது படங்களைச் சொடுக்கி வேலை வாங்கும் திரை, என்பது சுட்டிக்காட்டுவது. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடிக்குப் புதிதாக வருபவர் படத்தைக் காட்டிப் பானம் வாங்குவார். பழகியவர் 'கோப்பி சி கொசோங் பெங்' என்பார்: இனிப்பில்லாத டின் பால் ஊற்றி, சர்க்கரை போடாமல், ஐஸோடு ஒரு காப்பி. கோப்பி என்பது கட்டளை, மற்றவை தெரிவுகள். எத்தனை விதமாகக் கோத்தாலும் கடைக்காரர் புதுப் படம் மாட்ட வேண்டியதில்லை.

புகைப்படத்தை வெட்டித் திருத்தச் சுட்டிதான் வசதி, மறுக்கவில்லை. ஆனால் தீமிதியில் எடுத்த 300 படங்களுக்கு நண்பர் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பதாவது படத்தில் கையை உதறினார். ஷெல்லில் ஓட்ட ஒரே வரிக் கட்டளை எழுதிக் கொடுத்தேன். அதைச் சேமித்து வைத்தவர், அடுத்த ஆண்டு ஆண்டெண்ணை மட்டும் மாற்றி ஓட்டினார்.

முதல்முறை அந்த வரியை ஓட்டியபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, ஒன்றும் சொல்லவில்லையே?"

"பிழை இருந்தால்தான் அது வாய் திறக்கும்" என்றேன்.