சிவப்புத் தாளும் நீளமான கண்ணும்

பட்டர்வொர்த்திலிருந்து அக்கா போன் செய்தபோது குரலே சரியில்லை. "தம்பி, பாப்பாவுக்குக் கண் நரம்பு தேஞ்சிருக்குன்னு பயமா இருக்கு. ஸ்கேன் தாள்ல பாதி சிவப்பா வந்திருக்கு." அக்கா மகளுக்கு வயது 21. கிட்டப்பார்வை. தமிழ்ப்பள்ளி நாளிலிருந்தே கண்ணாடி, இப்போது பவர் மைனஸ் 8. ஜார்ஜ்டவுனில் கண் பரிசோதகராக இருக்கும் நான் இப்படிப்பட்ட தாள்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அவளுக்கு எடுத்தது ஓசிடி ஸ்கேன். 1991-இல் அறிமுகமான முறை. அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து விழித்திரையின் அடுக்குகளை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும். பார்வை நரம்பு கண்ணை விட்டுக் கிளம்பும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் நரம்பு இழைகளின் தடிமன் எவ்வளவு என்று பார்க்கும். பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் கிளௌகோமா நோய் அரிப்பது இந்த இழைகளைத்தான். அதே வயதுடைய ஆரோக்கியமானவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் அளவுக்கு மெலிந்திருந்தால், அந்த இடத்துக்குச் சிவப்பு. அது ஒரு ஒப்பீடுதான். நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு இல்லை.

சரி, கிட்டப்பார்வைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் நீளமான கண். முன்னிருந்து பின்னாக அளந்தால் சாதாரணமாக 24 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அவளுக்கு 27. கருவியோ கண்ணுக்குள் அடிக்கோல் வைத்து அளப்பதில்லை, ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சுழற்றுகிறது. இருட்டறையில் சுவரில் டார்ச்லைட் அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து பாருங்கள், வெளிச்ச வட்டம் விரிந்துகொண்டே போகும். கண்ணுக்குள்ளும் அதேதான். பரவலாகப் புழங்கும் ஒரு கருவி, வருகிற கண் எல்லாம் 24.46 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு 3.46 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போடுகிறது. 27 மி.மீ. கண்ணில் அந்த வட்டம் ஏறக்குறைய 3.85 மி.மீ. ஆகிவிடும். தாளில் மட்டும் 3.46 என்றே நிற்கும்.

வட்டம் பெரிதானால் இழைகள் ஏன் மெலிந்து தெரிகின்றன? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றால் தோளோடு தோள் உரசும். பல சாலைகளில் வருகிற கூட்டம் அங்கேதான் ஒன்று சேர்கிறது. கொஞ்சம் தள்ளிப் போய் எண்ணினால் ஆட்கள் அதே ஆட்கள், நெருக்கம் மட்டும் குறைவு. நரம்பு இழைகளும் விழித்திரை முழுவதிலிருந்தும் வந்து ஓரிடத்தில் குவிகின்றன. அருகில் 100 மைக்ரான் காட்டும் அடுக்கு, விரிந்த வட்டத்தில் 90-ஐ ஒட்டி இறங்கும். ஆழத்தைக் கருவி சரியாகவே அளக்கிறது, அளந்த இடம்தான் வேறு.

இன்னொன்றும் உண்டு. கண் நீளும்போது, மேலும் கீழும் வரும் தடிமனான இழைக்கட்டுகள் விழித்திரையின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்துவிடும். மேடு இருக்கும் என்று கருவி எதிர்பார்க்கிற இடத்தில் பள்ளம் தெரியும். உடனே சிவப்பு. மேடு காணாமல் போகவில்லை, பக்கத்தில் நகர்ந்து நிற்கிறது. அக்கா அனுப்பிய தாளில் இது பளிச்சென்று தெரிந்தது.

விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில், கண் நீளத்துக்கு ஏற்பப் பரப்பளவைத் திருத்தாமல் விட்டால் பிழை இன்னும் கூடும். அதே 27 மி.மீ. கண்ணில் உண்மைப் பரப்பு, கருவி சொல்வதைவிட 24 விழுக்காடு அதிகம்.

கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசர் சிகிச்சையான லேசிக் செய்துகொண்டவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தச் சிகிச்சை கருவிழியின் முன்பரப்பைத்தான் மாற்றும், கண்ணின் நீளம் அப்படியே இருக்கும். கண்ணாடி இல்லாமல் வந்து உட்காருகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பழைய பவரை நீங்களே சொல்லுங்கள்.

அதற்காக, "கிட்டப்பார்வைதான், சிவப்பு வரத்தான் செய்யும்" என்று தாளை மடித்து வைத்துவிடவும் கூடாது. கிட்டப்பார்வை கூடுதலாக உள்ளவர்களுக்குக் கிளௌகோமா வரும் வாய்ப்பும் கூடுதல். அப்புறம் எப்படித்தான் பிரித்தறிவது? கண் அழுத்தம், பக்கப் பார்வைச் சோதனை, டாக்டர் நேரில் பார்க்கும் நரம்பின் தோற்றம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அதைவிட எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது பழைய ஸ்கேனோடு புதியதை ஒப்பிட்டுப் பார்ப்பது. நகர்ந்த மேடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அரிப்பாக இருந்தால் நாளாக நாளாக மெலியும்.

அவளுக்கு அழுத்தமும் பக்கப் பார்வையும் சரியாகவே இருந்தன. ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பெர்ரியில் வந்த அக்காவிடம், தாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அடுத்த முறை கையில் கொண்டு போகணும் என்றேன். மேல் மூலையில் பேனாவால் பெரிதாக "கண் நீளம் 27 மி.மீ." என்று எழுதிக் கொடுத்தேன்.