வளர்ப்புக் கூடாரத்துக்கு எத்தனை வாட் விளக்கு வேண்டும்?

புதுச்சேரியிலும் கடலூரிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டைமாடியில் ஒரே நாளில் விழும் ஒளி, பெரும்பாலான காய்கறிச் செடிகளின் தேவையைவிட அதிகம். அப்படியிருந்தும் வீட்டுக்குள் விளக்குப் போட்டுச் செடி வளர்க்க இங்கே இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் வானத்தின் கீழ் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள் ஒளிக்கு ஏங்கித் தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். புதுச்சேரியின் உணவகங்களுக்கு அன்றாடம் தேவைப்படும் லெட்டூஸ் கீரையோ கோடை வெப்பத்தில் இலை கசந்து, பூந்தண்டு விட்டுவிடும். இந்த இரண்டு தேவைகளுக்கும் அறைக்குள் வைக்கும், உட்சுவரில் வெள்ளிப்பூச்சுள்ள சிறு துணிக் கூடாரமும் ஓர் எல்இடி விளக்கும் உதவும், விளக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால்.

தேர்வில் முதல் தடுமாற்றம் அட்டைப்பெட்டியிலேயே தொடங்குகிறது. ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட விளக்கு, சுவரிலுள்ள மின் இணைப்பிலிருந்து உண்மையில் 100 வாட் மட்டுமே இழுக்கும் விளக்காக இருக்கலாம். பெரிய எண், பழைய வகை விளக்கு ஒன்றுக்கு இது ஈடு என்று விற்பவர் சொல்லிக்கொள்ளும் எண்ணாகவோ, உள்ளே இருக்கும் சில்லுகளின் உச்சத் திறனைக் கூட்டிய எண்ணாகவோ இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: விளக்கு உண்மையில் இழுக்கும் வாட், ஒரு ஜூல் மின்சாரத்துக்கு அது எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்களை வெளியிடுகிறது என்ற திறன். ஒரு வாட் விளக்கு ஒரு நொடியில் இழுப்பது ஒரு ஜூல்; மைக்ரோமோல் என்பது ஒளித்துகள்களை எண்ணும் அலகு. இன்றைய நல்ல எல்இடி விளக்குகள் ஜூலுக்கு 2.5 மைக்ரோமோலும் அதற்கு மேலும் தருகின்றன. மலிவான விளக்குகள் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. இந்த எண்ணைச் சொல்லாத விளக்கை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஒளியை ஏன் ஃபோட்டான் என்ற துகள்களாக எண்ண வேண்டும்? ஒளிச்சேர்க்கை அப்படித்தான் எண்ணுகிறது. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஃபோட்டானில் 660 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் இருந்தாலும், பச்சையத்தை அடைந்தபின் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. நீலத்தின் மிகுதி ஆற்றல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ஆய்வாளர் கீத் மெக்ரீ 1972இல் வெளியிட்ட ஆய்வில் 22 பயிர் இனங்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் அளந்து பார்த்தார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது என்றும், பச்சை ஒளியும் அதில் கணிசமான பங்கு வகிக்கிறது என்றும் அவருடைய அளவீடுகள் காட்டின. லுமென் என்ற அளவு இந்தக் கணக்குக்கு உதவாது. அது மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டி, பச்சைக்கு மிகுந்த எடையும் சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைந்த எடையும் கொடுத்து வகுக்கப்பட்டது.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையுமே விரும்பும் என்ற அரைகுறைப் பாடத்திலிருந்து பிறந்தவைதான் ஊதாநிறத்தில் ஒளிரும் விளக்குகள். உண்மையில் இலை பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மேலடுக்கைத் தாண்டிக் கீழ் இலைகள் வரை இறங்குவதும் அந்தப் பச்சைதான். அதைவிட முக்கியமாக, ஊதா ஒளியில் செடியைப் பார்க்கும் நமக்கு இலையின் மஞ்சளிப்போ பூச்சியின் தடமோ தெரிவதில்லை. நீல எல்இடிச் சில்லின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கிறது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளைச் சில்லுகளோடு சில 660 நானோமீட்டர் சிவப்புச் சில்லுகளும் கலந்த விளக்குப் பலகையே வீட்டுக் கூடாரத்துக்கு நான் பரிந்துரைப்பது. அதில் இருக்கும் நீலம் செடியைக் குட்டையாக, தடித்த தண்டோடு வைத்திருக்கும். சிவப்பு, குறைந்த மின்சாரத்தில் அதிக ஃபோட்டான் தரும்.

அடுத்தது அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஃபோட்டான்களை மைக்ரோமோலில் சொல்வது ஒளியின் செறிவு. நாள் முழுவதும் விழுந்ததைக் கூட்டி மோலில் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) சொல்வது நாளொளி. மழை எவ்வளவு வலுத்துப் பெய்தது என்பதற்கும், அன்றைக்கு மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் பதிவானது என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. செடியின் வளர்ச்சியைப் பெரிதும் நிர்ணயிப்பது நாளொளியே. 200 மைக்ரோமோல் செறிவில் 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் நாளொளி சுமார் 11.5 மோல் ஆகும். லெட்டூஸுக்கு 12 முதல் 17 மோல் வரை உகந்தது என்பதால், செறிவைச் சற்றே கூட்டினால் போதும். தெளிந்த கோடை நாளில் நம் கடற்கரையில் திறந்தவெளியில் 40 மோலுக்கு மேல் விழுகிறது.

இப்போது தலைப்பின் கேள்விக்கு வரலாம். இரண்டடிக்கு இரண்டடிக் கூடாரத்தின் தரைப்பரப்பு சுமார் 0.36 சதுர மீட்டர். அதில் 200 மைக்ரோமோல் செறிவு வேண்டுமானால் இலைகளின் மேல் நொடிக்கு 72 மைக்ரோமோல் விழ வேண்டும். சுவரிலும் இடைவெளியிலும் கால்பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால், விளக்கு 96 மைக்ரோமோல் வெளியிட வேண்டும். ஜூலுக்கு 2.5 திறனுள்ள விளக்கில் இதற்கு 38 வாட் போதும். மிளகாய்ச் செடியைக் காய்ப்பு வரை கொண்டுசெல்ல 500 மைக்ரோமோல் தேவை என்று கொண்டால் அதே கணக்கு 96 வாட் ஆகிறது. 40 வாட் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு சுமார் 19 யூனிட் செலவாகும்.

விளக்கை எந்த உயரத்தில் தொங்கவிடுவது? தொலைவு இரட்டித்தால் ஒளி கால்பங்காகும் என்ற விதி, புள்ளிபோன்ற சிறு ஒளிமூலத்துக்கே அப்படியே பொருந்தும். கூடாரத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய ஈடான பலகையிலும், ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளிப்பூச்சுச் சுவர்களுக்கு நடுவிலும் ஒளி அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. உயரத்தால் பெரிதும் மாறுவது பரவல்தான். தாழ்த்தினால் நடுவில் உள்ள செடி கொழுத்து, மூலைச்செடி மெலியும். உயர்த்தினால் சராசரி குறைந்தாலும் நான்கு மூலைகளும் சமமாகும். எனவே முதலில் பரவல் சமமாகும் உயரத்தைக் கண்டுபிடித்து, பிறகு செறிவை விளக்கின் டிம்மரில் கூட்டிக் குறைப்பதே முறை. நாற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டடி, வளர்ந்த கீரைக்கு ஓரடி என்று தொடங்கலாம். செடி உயர உயர, இலைநுனியிலிருந்து அளந்த தொலைவு மாறாமல் விளக்கை மேலேற்ற வேண்டும்.

பரவலைச் சோதிக்க, வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செல்பேசிச் செயலி போதும். இலைமட்டத்தில் ஒன்பது இடங்களில் செல்பேசியைப் படுக்கவைத்து, முகப்பு மேல்நோக்கியிருக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் தோராயமான மைக்ரோமோல் கிடைக்கும். 14,000 லக்ஸ் என்றால் 200. செல்பேசி காட்டும் அளவு துல்லியமாக இராது, ஆனால் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை நன்றாகவே காட்டும். ஊதா விளக்குக்கு இந்த வழி சரிவராது.

நம் கடற்கரையில் உண்மையான எல்லைக்கோடு வெப்பமும் ஈரப்பதமும்தான். விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே அறையில் சேர்கிறது. வெளியேற்றும் விசிறி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் கூடாரத்தை அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. அதனால் திறன்மிக்க விளக்கை வாங்குவது இங்கே மின்கட்டணத்தைக் காட்டிலும் செடியின் நலனுக்காகத்தான். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் மின்வழங்கியைக் கூடாரத்துக்கு வெளியே வைக்க முடிந்தால் அதன் சூடும் வெளியிலேயே நிற்கும்.

ஒளியைக் கூட்டியபின் லெட்டூஸின் நடுக்குருத்து இலைகளின் விளிம்பு பழுப்பாகிக் கருகினால், பலர் விளக்குச் சுட்டுவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது கால்சியம் போய்ச்சேராத குறை. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். அந்த நீரோட்டத்தை இழுப்பது இலையிலிருந்து ஆவியாகும் நீர். கடற்காற்றின் ஈரம் தேங்கிய கூடாரத்தில், வெளியிலைகளால் மூடப்பட்ட குருத்திலிருந்து நீர் ஆவியாவதே இல்லை எனலாம். அதே நேரத்தில் கூடுதல் ஒளி அந்தக் குருத்தை வேகமாக வளரத் தூண்டுகிறது. உரத்தில் கால்சியத்தைக் கூட்டுவதைவிட, குருத்தின்மேல் காற்றுப்படும்படி சிறு விசிறி ஒன்றை வைப்பதும், ஒளியைச் சற்றுக் குறைப்பதும் பலன் தரும்.

கூடாரத்தின் பகலை இரவில் வைத்துக்கொள்வது இங்கே மிகப் பொருத்தமான ஏற்பாடு. மாலை ஆறு மணிக்கு ஏற்றி மறுநாள் காலை பத்து மணிக்கு அணைத்தால், பிற்பகல் வெக்கையில் விளக்கின் சூடு சேராது. ஏசி ஓடும் படுக்கையறையில் கூடாரத்தை வைத்தால், 40 வாட் விளக்கின் வெப்பம் ஏசிக்கு ஒரு பொருட்டே இல்லை. துணி ஒளி புகாதது என்பதால் உறக்கமும் கெடாது. இந்த ஏற்பாட்டுக்குப் பல் சக்கரம் வைத்த டைமரைவிட, உள்ளே மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமரே ஏற்றது. மின்தடை ஏற்படும்போது சக்கர டைமர் நின்றுவிடும். புயல் மழை நாட்களில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால், காலை பத்து மணிக்கு அணைய வேண்டிய விளக்கு பிற்பகல் இரண்டு மணி வரை எரிந்துகொண்டிருக்கும்.