ஹைப்போகுளோர்ஹைட்ரியா: தமிழில் எப்படிச் சொல்வது?

நெஞ்சு எரிந்தாலும் சரி, சாப்பிட்டது இறங்காமல் வயிறு கல் போல நின்றாலும் சரி, எல்லாவற்றுக்கும் நாம் சொல்வது ஒரே சொல்: அசிடிட்டி. அதன் நேர்ப்பொருள் அமிலத்தன்மை, அவ்வளவுதான். வயிற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது 'அமிலம் கூடிவிட்டது' என்றாகிவிடுகிறது. சரி, அமிலம் குறைந்தால் என்ன சொல்வது? பேச்சில் அதற்குச் சொல்லே இல்லை. மருத்துவத்தில் இருக்கிறது: ஹைப்போகுளோர்ஹைட்ரியா.

பிரித்துப் பார்த்தால் எல்லாம் கிரேக்கம். 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவாக. 'ஹைப்பர்' இதற்கு நேரெதிர். காதில் சற்றுப் பிசகினால் நோயே தலைகீழாகிவிடும். 'குளோரோஸ்' என்பது வெளிர்பச்சை நிறம். 1810-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி ஒரு மஞ்சள் பச்சை வாயுவுக்குக் குளோரின் என்று பெயர் வைத்தது அதிலிருந்துதான். 'ஹைட்ர்' இங்கே ஹைட்ரஜனைக் குறிக்கிறது. அதன் வேர் நீர். கடைசி 'இயா' ஒரு நிலையைக் காட்டும் விகுதி. ஆக, ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைந்த நிலை. வயிற்றில் இருப்பது அந்த அமிலம்தான் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ப்ரவுட் காட்டியது 1823-இல்.

இவ்வளவு நீளமான சொல்லில் வயிறு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் அந்தக் குறையை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 'இரைப்பை அமிலக் குறைவு' என்றால் இடமும் பொருளும் அளவும் சொல்லிலேயே வந்துவிடுகின்றன. 'குறைபாடு' என்றும் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வைட்டமின் குறைபாடு என்பதுபோல, வெளியிலிருந்து வர வேண்டியது வரவில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. இதுவோ உடம்பே சுரக்க வேண்டியது. அமிலம் அறவே சுரக்காத நிலை 'ஏகுளோர்ஹைட்ரியா'. அதற்கு 'இரைப்பை அமிலமின்மை'. 'அமிலம்' மட்டும் வடமொழி 'அம்ல'த்திலிருந்து வந்தது, பொருள் புளிப்பு. அது தமிழில் ஊன்றி நாளாகிவிட்டது, இருக்கட்டும்.

பழைய சொல் 'மந்தம்' போதாதா என்று கேட்கலாம். செரிமானத்தைத் தீயாகப் பார்ப்பது நம்மிடம் பழைய வழக்கம். 'தீயளவு' அறியாமல் மிகுதியாக உண்பவனுக்கு நோய் அளவின்றி வரும் என்கிறது குறள் (947). அந்தத் தீ மங்கினால் அக்கினி மந்தம். ஆனால் மந்தம் நமக்குத் தெரியும் விளைவின் பெயர். அதற்கு அமிலக் குறைவு ஒரு காரணம், அதுவே ஒரே காரணம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

வெறும் வயிற்றில் இரைப்பைச் சாறின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையை அளக்கும் எண், பொதுவாக 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். ஒரு எண் ஏறினால் அமிலச் செறிவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 2 என்பது 5 ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது புரதத்தை உடைக்கும் பெப்சின் விழித்துக்கொள்ளாது. உணவோடு வரும் கிருமிகள் சாகாமல் குடலுக்குள் போகும். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகக் கரையாது. உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் வைட்டமின் பி12 கழன்று வராது. இந்தப் பி12 விஷயம் கொஞ்சம் வஞ்சகமானது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. இரத்தசோகை, கால் மரத்துப்போதல், மறதி என்று பின்னால் வந்து நிற்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் இரைப்பையையே தாக்கும் நோயில் நிலைமை இன்னும் மோசம். அமிலம் சுரக்கும் அதே செல்கள்தான் பி12-ஐக் குடலில் உறிஞ்ச உதவும் புரதத்தையும் சுரக்கின்றன. இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

மற்றக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையில் நெடுநாள் உண்டாக்கும் அழற்சி. இன்னொன்று அசிடிட்டிக்கென்று விழுங்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள். அமிலத்தைக் குறைப்பதுதான் அவற்றின் வேலையே. மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் தொடரும்போதுதான் சிக்கல். அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பலாம், மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

அறிகுறியை வைத்துக் கூடுதலா குறைவா என்று பிரிப்பது கடினம். வயிற்று உப்புசமும் ஏப்பமும் இரண்டிலும் வரும். தமிழ் ஏப்பத்தைக்கூடப் பசியேப்பம், புளியேப்பம் என்று பிரித்து வைத்திருக்கிறது, ஆனால் புளியேப்பம் வந்தால் அமிலம் கூடுதல் என்று முடிவுகட்ட முடியாது. சமையல் சோடாவை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று பார்க்கும் வீட்டுச் சோதனையையும் நம்ப வேண்டாம். சோடாவோடு விழுங்கிய காற்றும் ஏப்பமாகத்தான் வெளியே வரும்.